இடப்பக்க வளைவில் ஒரு சத்தம்

பினாங்கில், பாலிக் புலாவிலிருந்து பாயா தெருபோங் பக்கம் இறங்கும் மலைச் சாலையில் ஒரு வளைவு இருக்கிறது. இன்றைக்கும் அந்த இடம் வந்தால் என் வலது கால் என்னைக் கேட்காமலே பிரேக் பக்கம் போகும்.

அன்று பிக்கப்பின் பின்னால் தேங்காய் விளிம்பு வரை இருந்தது. பக்கத்தில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறிவிட்டது. இறக்கம் தொடங்கிக் கொஞ்ச தூரம்தான் வந்திருப்போம். ஸ்டியரிங்கை இடப்பக்கமாகத் திருப்பினேன்.

என் காலடியிலிருந்து "கொர்ர்ர்" என்று ஒரு சத்தம் கிளம்பியது. தண்ணீர் ஊற்றாமல் கிரைண்டரில் அரிசியைப் போட்டு ஓட்டினால் வருமே, அப்படி. ஸ்டியரிங் கைக்குள்ளேயே நடுங்கியது. வளைவு முடிந்து வண்டி நேரானதும் சத்தம் அடங்கிவிட்டது.

அடுத்தது வலப்பக்க வளைவு. ஒன்றுமே இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அதற்கடுத்தது மறுபடியும் இடப்பக்கம். சத்தம் முன்னைவிடப் பெரிதாக வந்தது. இவர் தன் இடது கையைக் குறுக்கே நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடி என்றால் சாதாரணப் பிடி இல்லை, வளையல் சதையில் அழுந்தியது.

இப்படி ஒரு வண்டியை மலைக்கு ஏன் கொண்டு போனாய், முதலிலேயே காட்டியிருக்கக் கூடாதா என்று நீங்கள் என்னைத் திட்டுவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். காட்டினேன். காட்டி, எல்லோரும் சிரித்து, டீயும் குடித்துவிட்டுத்தான் அந்த மலைக்குப் போனோம்.

குக்கர் விசில்

தேங்காய்தான் எங்கள் தொழில் என்று இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக இன்னொரு முறை. பாலிக் புலாவ் தோட்டங்களில் ஏற்றி வந்து, பாதியை ஜெலுத்தோங் பாசாரில், அதாவது சந்தையில், எங்கள் கடையில் இறக்குவோம். மீதி, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலும் அதைச் சுற்றியும் உள்ள நாசி கண்டார் என்கிற சோற்றுக் கடைகளுக்குப் போகும். குழம்புக்குத் தேங்காய்ப் பால் இல்லாமல் அந்தக் கடைகளில் ஒரு சட்டியும் அடுப்பில் ஏறாது.

இவர் துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். அந்த வேலையை விட்டதும் பிக்கப் வாங்கி இதை ஆரம்பித்தார். நான் கடையில் மெஷினில் தேங்காய் துருவிப் பால் பிழிந்து கொடுப்பேன். மெஷின் எனக்கு, வண்டி அவருக்கு. அவர் மெஷின் பக்கம் வரமாட்டார். நான் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது.

"நானும் ஓட்டக் கத்துக்கவா?" என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "நீ குக்கர் விசில எண்ணு, அது போதும்" என்பார். நாலு பேர் இருக்கும்போதும் சொல்வார். அவர்கள் சிரிப்பார்கள். எனக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும்.

பிறகு ஒரு நாள் காலையில் குளியலறையில் விழுந்தார். ஸ்ட்ரோக். வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போயிற்று.

மிச்சம் இருந்தது "தா" என்ற ஒரே எழுத்து. சோறு வேண்டும் என்றாலும் தா, வேண்டாம் என்றாலும் தா. கோபம் வந்தாலும் தா, மின்விசிறியைப் போடு என்றாலும் தா. முகத்தைப் பார்த்தால் எனக்கு ஓரளவு புரியும். மற்றவர்கள் தங்களுக்கு எது வசதியோ அந்த அர்த்தத்தை எடுத்துக்கொண்டார்கள். அப்படி எடுத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

வண்டி பிளாட்டுக்குக் கீழே தூசி படிந்து நின்றது. எங்கள் மகன் தினேஷ் தெற்கே ஷா ஆலத்தில் வேலை பார்க்கிறான். விற்றுவிடலாம்மா என்றான். நான் டிரைவிங் ஸ்கூலில் போய்ப் பேர் கொடுத்தேன். என்னுடன் சேர்ந்தவர்கள் எல்லாம் பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகள்.

சொல்லிக் கொடுத்தவர் ஒரு சீன அம்மாள். "ஆன்ட்டி, கிளச், கிளச்" என்று என் தொடையிலேயே தட்டுவார். சோதனையன்று ஒரு மேட்டில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுக்க வேண்டும். முதல் தடவை உருண்டேன். பக்கத்தில் இருந்த அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். அந்தப் பேனாவை மூடிய விதம் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. அடுத்த தடவை தேறிவிட்டேன்.

இன்னொரு தடவை

இவரைத் தனியாக வீட்டில் விட முடியாது. அதனால் பக்கத்து சீட்டில் ஏற்றி, பெல்ட் மாட்டி, கூடவே கூட்டிப் போனேன். நான் கியரைக் கரகரவென்று மாற்றினால் "தா" என்பார். அந்தத் தா-வுக்கு மட்டும் யாரும் எனக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் கடைத் தெருவுக்குள் நுழைந்ததும் ஆளே மாறிவிடுவார். சட்டி கழுவுகிறவர்கள் கூட ஓடி வந்து, "அண்ணே, சாப்டாச்சா?" என்று ஜன்னலில் தலையை நீட்டுவார்கள். இவர் இடது கையைத் தூக்கிக் காட்டுவார். கன்னம் கோணினாலும் அது சிரிப்புதான். அந்த ஒரு சுற்றுக்காகத்தான் அவர் காலையில் கண் விழிக்கிறார் என்று நான் நம்பினேன். இப்போதும் அப்படித்தான் நம்புகிறேன்.

வாரத்தில் ஒரு நாள் பாலிக் புலாவில் ஒரு மலாய்ப் பெரியவரிடம் எண்ணெய் போட்டு உருவிவிடவும் கூட்டிப் போவேன். அதே பயணத்தில் தேங்காயும் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவோம்.

தினேஷுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. பிளாட்டின் தூணில் நான் ஒரு தடவை வண்டியை உரசியிருந்தேன். அது அவன் காதுக்குப் போய்விட்டது. அந்த வருஷம் தைப்பூசத்துக்கு வந்தவன், சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னான்.

"ம்மா, இன்னொரு தடவ அந்த வண்டில எதாச்சும் ஆச்சுன்னா, நான் உங்கள கேக்க மாட்டேன். அப்பாவ அங்க கூட்டிட்டுப் போயிடுவேன்."

என்னையும் வரச் சொன்னான், இல்லையென்று சொல்ல மாட்டேன். பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள அங்கே ஓர் இல்லம் இருக்கிறதாம், நல்ல இடமாம். இருக்கலாம். அங்கே யார் ஜன்னலில் தலையை நீட்டி "அண்ணே" என்பார்கள்? என்னைவிட்டு அவரைப் பிரித்தால் இரண்டு பேரில் ஒருவர் சீக்கிரம் போய்விடுவோம் என்று எனக்குப் பயமாக இருந்தது. அது நானாகவும் இருக்கலாம்.

தைப்பூசச் சத்தம்

பினாங்குத் தைப்பூசத்தில் தேர் வரும் வழியில் தேங்காய் உடைப்பதைப் பார்க்காதவர்களுக்கு அதை எப்படிச் சொல்வது? வீதி ஓரத்தில் குவியல் குவியலாகக் கொட்டி வைத்திருப்பார்கள். தேர் நெருங்கும்போது ஆளுக்கு ஒன்றாக எடுத்து ஓங்கி அடிப்பார்கள். தமிழர்கள் மட்டும் இல்லை, சீனர்களும்தான். ரோடே தெரியாது. எங்கே பார்த்தாலும் ஓடு, கணுக்கால் வரை தேங்காய்த் தண்ணீர். மண்வாரி வண்டி வந்து ஓடுகளை அள்ளும், பின்னாலேயே குழாய்த் தண்ணீர் அடித்துக் கழுவுவார்கள்.

அந்த ஓடுகளின் மேலேயும் தண்ணீருக்குள்ளேயும் எங்கள் பிக்கப் போய்ப் போய் வந்தது. குவியல் கரையக் கரையக் கொண்டு வந்து கொட்ட வேண்டும், வருஷத்தில் எங்களுக்குப் பெரிய வேலை அதுதான்.

மறுநாள் திருப்பத்தில் சத்தம் வந்தது. மெல்லிசாக, தகரத்தில் ஆணியால் கீறுவது போல "க்ரீச்" என்று. அதற்கு அடியில் இன்னொரு சத்தமும் இருந்த மாதிரி இருந்தது, ஆனால் அந்தக் கீச்சொலியில் என்னால் பிரித்துக் கேட்க முடியவில்லை. இவர் விடாமல் "தா, தா" என்றார்.

தினேஷ் இன்னும் ஊருக்குக் கிளம்பவில்லை. வீட்டில் வாயைத் திறக்காமல், அவன் போகட்டும் என்று காத்திருந்து, அவன் பஸ் ஏறியதும் நேராக பஷீரின் வொர்க்ஷாப்புக்குப் போனேன்.

பஷீர் எங்கள் போர்மன். மெக்கானிக்கை இங்கே அப்படித்தான் சொல்வோம். நாற்பது வயது இருக்கும், ஜெலுத்தோங்கில் ஒரு சந்துக்குள் பட்டறை வைத்திருக்கிறான். கெட்டிக்காரன்தான். என்ன, தான் கெட்டிக்காரன் என்பது அவனுக்குக் கொஞ்சம் அதிகமாகத் தெரியும்.

நான் வண்டியை நிறுத்தியதும் என்ன ஏது என்று கேட்கவே இல்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு இடது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினான். பிரேக் தட்டுக்குப் பின்னால் மெல்லிசாக ஒரு தகரம் இருக்கும், சேறு படாமல் காப்பதற்கு. அந்த இடுக்கில் ஸ்க்ரூடிரைவரை விட்டு ஒரு நெம்பு நெம்பினான். விரல் அளவு தேங்காய் ஓடு ஒன்று தெறித்து விழுந்தது.

"தைப்பூசச் சத்தம்லா அக்கா. இந்த வாரம் வர்ற வண்டி எல்லாம் இதேதான்."

உண்மைதான். ஊரில் எல்லா போர்மனும் தைப்பூசம் முடிந்த வாரத்தில் முதலில் தேடுவது அதைத்தான். பஷீர் அப்படி எடுத்த ஓடுகளைச் சாமான் அலமாரியின் மேல் தட்டில் வரிசையாக வைத்திருந்தான். எங்களுடையதையும் அதில் வைத்தான். இந்த வருஷம் இதுதான் பெரிசு என்று பக்கத்தில் காத்திருந்தவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். டீ வந்தது.

பிறகு என்னைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு அந்தச் சந்துக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான். வண்டி காலி, வேகமும் இல்லை. கீச்சொலி சுத்தமாகப் போயிருந்தது.

ஆனால் அது போன பிறகுதான் அடியில் இருந்தது எனக்குக் கேட்டது. இடப்பக்கம் திருப்பும்போது அடியில் லேசாக ஓர் உறுமல் இருக்கிறது, ஜாக் போட்டுத் தூக்கிப் பார் தம்பி என்றேன். ரோடு சரியில்லை, டயர் சத்தம் என்றான். வாசலில் வண்டிகள் வரிசையில் நின்றன, எல்லாம் அதே கீச்சொலி. அவன் கண் அங்கேயே இருந்தது.

இவர் ஜன்னல் வழியாக அவனைப் பார்த்து "தா, தா, தா" என்றார். முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"பாருங்க, அண்ணனே சரின்னுட்டாரு," என்றான் பஷீர்.

அவர் சரி என்று சொல்லவில்லை தம்பி என்றேன். அவன் அதற்குள் அடுத்த வண்டியின் பக்கம் போய்விட்டான். அந்த நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. மனிதனை உயிரோடு வைத்துக்கொண்டு அவனுக்காக இன்னொருவன் பதில் சொல்வது என்ன நியாயம்?

மறுநாள் மலைக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. தைப்பூசத்தில் ஊரில் இருந்த தேங்காய் எல்லாம் வீதியில் உடைந்துவிட்டது. கடைக்காரர்கள் விடியும் முன்பே போன் அடிக்கத் தொடங்கினார்கள். போனோம். ஏற்றத்தில் மெதுவாகத்தான் ஏறினேன், சத்தம் பெரிதாக இல்லை. பெரியவர் இவருக்கு உருவிவிட்டார். தேங்காய் ஏற்றினோம். வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து உட்கார்ந்தது.

ஒரு சொல்

இனி அந்த வளைவுக்கு வருகிறேன்.

என் மணிக்கட்டை இவர் பிடித்திருந்தார் என்றேன். கியர் மாற்ற அந்தக் கை வேண்டும். விடுங்க, விடுங்க என்று கத்தினேன். விடவில்லை. வேகத்தைக் குறைக்க பிரேக்கை மிதித்தேன். மிதி வழக்கமான இடத்தில் நிற்காமல் பாதிக்குமேல் உள்ளே போயிற்று. காலை எடுத்து மறுபடியும் மிதித்தேன், இரண்டாவது மிதிக்குத்தான் பிடித்தது.

பின்னால் ஒரு மணல் லோரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. கண்ணாடியில் அதன் முகம் மட்டும்தான் தெரிந்தது. முன்னால் இன்னோர் இடப்பக்க வளைவு. எதிர்ப்பக்கம் பள்ளம், அதன் விளிம்பில் வெறும் தகரத் தடுப்பு. முருகா என்றேன், வேறு ஒன்றும் வாயில் வரவில்லை.

எப்படியாவது கீழே கொண்டு போய்விட்டால் போதும் என்றுதான் என் மனதில் ஓடியது. கீழே போய்விட்டால் யாருக்கும் தெரியாது. தினேஷுக்குத் தெரியாது. மெதுவாக உருட்டிக்கொண்டு போய்விடலாம்.

"நிப்பாட்டு."

நான் நிறுத்திவிட்டேன். வளைவுக்குச் சற்று முன்னால் டுரியான் பழம் விற்கும் கொட்டகை ஒன்று சீசன் இல்லாததால் மூடிக் கிடந்தது. அதன் முன்னால் இருந்த மண் தரையில் வண்டியை ஏற்றி, ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். லோரி திட்டிக்கொண்டே கடந்து போயிற்று. எஞ்சினை அணைத்த பிறகுதான் உறைத்தது. வண்டிக்குள் எங்களைத் தவிர யாரும் இல்லை.

திரும்பிப் பார்த்தேன். அவர் உதட்டோரத்தில் எச்சில் வழிந்திருந்தது. துடைத்துவிட்டு, என்ன சொன்னீங்க, இன்னொரு தடவை சொல்லுங்க என்று பைத்தியக்காரி மாதிரி கெஞ்சினேன்.

"தா," என்றார்.

மெதுவா கொண்டு வாங்க

பஷீருக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவன் பின்னால் இரும்பு அடிக்கும் சத்தம் கேட்டது.

"அங்கேருந்து இறக்கம்தானேக்கா. செகண்ட் கியர்ல போட்டு மெதுவா கொண்டு வாங்க. நான் பாக்குறேன்லா."

என் மனதில் ஓடிய அதே யோசனையைத்தான் அவன் சொன்னான். ஒரு நொடி ஆசையாகவும் இருந்தது. போன் ஸ்பீக்கரில் இருந்ததால் இவருக்கும் கேட்டிருந்தது. இடது கையை மெல்லக் கொண்டு வந்து ஹேண்ட்பிரேக்கின் மேல் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. எடுத்துப் பார் என்கிற மாதிரி என்னை முறைத்தார்.

"நீங்க வாங்க தம்பி," என்றேன்.

"கடையில ஆளு இல்லக்கா."

"அப்ப கடையச் சாத்துங்க."

போனை வைத்துவிட்டேன். இவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். குரங்குகள் கொட்டகைக் கூரையில் வந்து உட்கார்ந்து தேங்காயையே பார்த்துக்கொண்டிருந்தன. நான் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு நின்றேன். போகிற கார்கள் வேகத்தைக் குறைத்துப் பார்த்தன. ஒரு காரின் ஜன்னல் கண்ணாடி இறங்கியது, போனைப் பிடித்த ஒரு கை வெளியே நீண்டது. படம் எடுக்கிறார்கள் என்று புரிந்ததும் குச்சியை அவர்கள் பக்கம் ஓங்கினேன். அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பஷீர் மோட்டார் சைக்கிளில் வந்தான். முகம் கடுகடுவென்றிருந்தது. சாக்கை விரித்து, ஜாக்கை வைத்து முதலில் இடது முன்சக்கரத்தைத் தூக்கினான். டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினான். அசையவில்லை. இப்போது என்ன சொல்கிறீர்கள் என்கிற மாதிரி என்னைப் பார்த்தான்.

"இடப்பக்கம் திருப்புறப்ப சத்தம் என் காலுக்குக் கீழ வருது தம்பி. நான் உக்காந்திருக்கிறது வலப்பக்கம்."

அவன் டயரிலிருந்து கையை எடுத்தான். வண்டி இடப்பக்கம் திரும்பினால் பாரம் எல்லாம் வலது சக்கரத்தில்தான் சாயும். அது அவனுக்குத் தெரியாததா? ஓடு இடது சக்கரத்தில் கிடைத்துவிட்டதால் பட்டறையில் அவன் அந்தப் பக்கம் சுற்றி வரவே இல்லை.

ஜாக்கை வலப்பக்கம் மாற்றினான். டயரைப் பிடித்து ஆட்டினான். "டக்" என்றது. மறுபடி ஆட்டினான், "டக், டக்". விழப்போகிற பல் ஆடுமே, அப்படி அந்தச் சக்கரம் மேலே உள்ளேயும் கீழே வெளியேயும் சாய்ந்தது. அவன் என் கையைப் பிடித்துச் சக்கரத்துக்குப் பின்னால் இருந்த ஸ்பிரிங்கின் மேல் வைத்து, இன்னொரு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டான். ஸ்பிரிங் வழியாக என் உள்ளங்கையில் மணல் நெறிபடுவது போல இருந்தது.

"பேரிங்க்கா," என்றான். "சுத்தமா போச்சு. தைப்பூசத்துல தண்ணி உள்ள போயி கிரீஸ் எல்லாம் போயிருக்கு. சக்கரம் ஆட ஆட பிரேக் கட்டையும் தள்ளிப் போகும். அதான் மிதி உள்ள போயிருக்கு."

அப்படியே இறக்கத்தில் ஓட்டி வந்திருந்தால் என்று கேட்டேன். அவன் அடுத்த வளைவின் தகரத் தடுப்பைப் பார்த்தான்.

"வந்திருக்க மாட்டீங்கக்கா."

"நீங்கதான கொண்டு வரச் சொன்னீங்க?"

"ஆமாக்கா. நான்தான் சொன்னேன்."

ஒரு சாக்குச் சொல்லியிருந்தால் கையில் இருந்த குச்சியாலேயே போட்டிருப்பேன். சொல்லவில்லை. என் கோபத்தில் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. மீதிப் பாதியை வைத்திருக்கிறேன்.

பிறகு கேட்டான், நிறுத்த வேண்டும் என்று உங்களுக்கு எப்படித் தோன்றியது என்று. எனக்குத் தோன்றவில்லை, அண்ணன்தான் சொன்னார் என்றேன். பேசினாரா என்றான். பேசினார் என்றேன். அவன் எழுந்து, கையில் இருந்த கறுப்பைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, அந்தப் பக்க ஜன்னலுக்குப் போனான். இவர் படுத்த நாளிலிருந்து அவன் என்னிடம் பேசாமல் நேராக இவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"மன்னிச்சிருங்கண்ணே."

"தா," என்றார் இவர். அதற்கு என்ன அர்த்தம் என்று பஷீர் என்னைக் கேட்கவில்லை.

புதுச் சக்கரம் மாதிரி

தேங்காயை வேறொரு லோரிக்கு மாற்றி, வண்டியை இழுவை லோரியில் ஏற்றி, பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. மறுநாள் முழுக்க நான் அங்கேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். இவர் பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்தார். பஷீருக்கு அது பிடிக்கவில்லை என்று தெரியும். நான் நகரவில்லை.

பிரேக்கைக் கழற்றி, நடுவில் இருந்த பெரிய நட்டை ஆளுயரக் கம்பி போட்டு நெம்பிக் கழற்றினான். பழைய பேரிங்கைப் பிரஸ் மெஷினில் வைத்து அழுத்தியபோது "டமார்" என்று வெளியே வந்தது. உள்ளே இருந்த குண்டுகள் சூட்டில் நீலம் பாரித்துச் சொரசொரவென்று இருந்தன. கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் துருத் தண்ணீர்.

புதியதை அழுத்தி ஏற்றி, எல்லாவற்றையும் பூட்டி, சக்கரத்தைச் சுற்றிவிட்டான். இந்தத் தடவை கூப்பிடாமலே போய் ஸ்பிரிங்கில் கை வைத்தேன். ஒன்றும் இல்லை. வழவழவென்று சுற்றியது. இவருடைய இடது கையையும் எடுத்து வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

ஓட்டிப் பார்க்கலாம் என்று பஷீர் சாவிக்குக் கை நீட்டினான். நான் கொடுக்கவில்லை. பின்னால் தேங்காய் மூட்டைகளை ஏற்றச் சொல்லி, அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, பாசார் பக்கத்துக் காலியிடத்தில் இடப்பக்கமாகவே வட்டம் அடித்தேன். போதும்க்கா, தலை சுத்துது என்று அவன் சொன்ன பிறகும் இன்னும் ஒரு வட்டம் அடித்தேன்.

படம்

அன்று ராத்திரி சாப்பிட உட்காரும்போது தினேஷ் வீடியோவில் கூப்பிட்டான். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மலையில் எடுத்த படம் கோயில் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து, அங்கிருந்து அவனுக்குப் போயிருந்தது. வண்டி, குரங்கு, குச்சியோடு நான், ஜன்னலில் அப்பா. யாரோ சிரிக்கிற பொம்மை முகங்களையும் கீழே போட்டிருந்தார்களாம்.

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"சனிக்கிழம வரேம்மா. அப்பா துணிமணிய எடுத்து வைங்க."

பேரிங்கைப் பற்றிச் சொன்னேன், மாற்றியாயிற்று என்றேன், வட்டம் அடித்துப் பார்த்ததைக் கூடச் சொன்னேன். அப்பா பேசினார் என்றும் சொன்னேன். சும்மா இருங்கம்மா என்றான். அவன் நம்பவில்லை. நான் அவனைத் தடுப்பதற்காகக் கதை கட்டுகிறேன் என்று நினைத்திருப்பான். அடுத்த தடவை வேறு ஏதாவது போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டான். நான் இவர் தட்டில் சோற்றைப் பிசையத் தொடங்கினேன்.

போனை அப்பாவிடம் கொடுங்கள் என்றான். இவர் மடியில் தலையணையை வைத்து அதன் மேல் போனைச் சாய்த்து வைத்தேன்.

"அப்பா, இங்க நம்ம வீட்டுக்கு வந்துடுங்கப்பா. நான் பாத்துக்கிறேன். சரியா?"

"தா," என்றார் இவர்.

"பாத்தீங்களாம்மா, சரிங்கிறாரு." சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது. அவன் கெட்ட பிள்ளை இல்லை. அப்பா விழுந்த அன்று ஷா ஆலத்திலிருந்து வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தவன். அது தெரிந்ததால்தான் என்னால் அவனைத் திட்டவும் முடியவில்லை.

போனை எடுக்கப் போனேன். இவர் விடவில்லை. இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தாடை ஆடியது. நெற்றியில் வியர்த்தது. உதடு கூடிக் கூடிப் பிரிந்தது, சத்தம் வரவில்லை. தினேஷ் அங்கே கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னப்பா, என்னப்பா என்றான்.

"அவ," என்றார்.

தினேஷ் முகத்தைப் போனுக்குக் கிட்டே கொண்டு வந்தான். இவர் மூச்சை இழுத்து விட்டார்.

"அவ ஓட்டுவா."

தினேஷ் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டான். கல்யாணம் கட்டி இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் என் காது கேட்க என்னைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான். நான் போனை வாங்கினேன். சனிக்கிழமை வருவதானால் தாராளமாக வா, ஆனால் விடியற்காலையிலேயே நாங்கள் இரண்டு பேரும் மலைக்குத் தேங்காய் ஏற்றப் போய்விடுவோம், சாவியைப் பக்கத்து வீட்டில் வாங்கிக்கொள் என்று சொன்னேன்.